கண்ட நடையில் ஓர் ஆர்பெஜியேட்டர்: பாதயாத்திரைப் பாடல் ஒன்றின் மிடி வேலைக் குறிப்பு

தைப்பூசம் நெருங்கும்போது பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் சிறிய ஒலிப்பதிவு அறைக்கு முருகன் பாடல் வேலைகள் வரத் தொடங்கிவிடும். திருச்செந்தூருக்கு நடந்து செல்லும் குழுக்கள் முன்னால் செல்லும் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொள்வதும், வழிநெடுகப் போடுவதற்குத் தங்கள் ஊர்க் குழுவின் பெயரில் ஒரு புதிய பாடலாவது வேண்டும் என்று விரும்புவதும் இந்தப் பக்கத்தில் வழக்கம். இம்முறை வந்த பாடல் மோகன ராகம், ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 தட்டு. பல்லவியும் சரணங்களும் காவடிச் சிந்தின் துள்ளலோடு திஸ்ர நடையில் (தட்டுக்கு மூன்று மாத்திரை) செல்ல, இடையில் ஒரு பகுதி மட்டும் கண்ட நடைக்கு (தட்டுக்கு ஐந்து மாத்திரை) மாறுகிறது. நாதஸ்வரம், தவில், பம்பை ஆகியவை நேரடியாக வாசிக்கப்படும். அவற்றுக்கு அடியில் சின்த் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) ஒலியில் விடாமல் ஓடும் ஒரு சுரச் சரம் இருக்க வேண்டும் என்று பாடலை இயற்றியவர் கேட்டார். அந்தச் சரத்தை வெளி நிறுவனத்தாரின் ஆர்பெஜியேட்டர் ஒன்றைக் கொண்டு உருவாக்கிய விதத்தையே இங்குப் பதிவு செய்கிறேன்.

ஆர்பெஜியேட்டர் ஒலி எழுப்பும் கருவி அன்று. விரல்கள் அழுத்திப் பிடித்திருக்கும் சுரங்களை வாங்கிக்கொண்டு, அவற்றைப் பாடலின் வேகத்துக்கு இசைந்த இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வேறொரு கருவிக்கு அனுப்புவது மட்டுமே அதன் வேலை. உள்ளே போவதும் மிடி, வெளியே வருவதும் மிடி; அதாவது ஒலி அன்று, எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்று கருவிகளுக்குச் சொல்லும் கட்டளை. ஏறத்தாழ எல்லா இசைத் தொகுப்பு மென்பொருள்களும் தமக்கென ஒன்றை வைத்திருக்கின்றன. நாங்கள் பயன்படுத்தும் ரீப்பரிலும் ஒன்று உண்டு. ஆயினும் அது பிடித்த சுரங்களை மேலும் கீழுமாக ஓட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம் என்று தனித்தனியே வகுக்க இடமில்லை. கிர்னு க்ரீம், எக்ஸ்ஃபர் நிறுவனத்தின் க்துலு போன்ற விலைக்குக் கிடைப்பவை இருந்தாலும், கீபோர்டு வாசிக்கும் இளைஞர் "இலவசமா கெடைக்கத முதல்ல பாத்துருவோம் அண்ணாச்சி" என்றார். அதனால் ப்ளூஆர்ப் என்ற இலவச ஆர்பெஜியேட்டரை எடுத்துக்கொண்டோம். படிகளின் எண்ணிக்கையை நம் விருப்பப்படி குறைக்கலாம். படிதோறும் எந்த விசையின் சுரம் ஒலிக்க வேண்டும் என்று குறிக்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்டவை இவ்விரண்டும்தான்.

திஸ்ர நடைப் பகுதியில் சிரமம் ஏதும் இல்லை. 80 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 750 மில்லி நொடி. அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு மாத்திரை 250 மில்லி நொடி. எட்டில் ஒரு பங்கு டிரிப்லெட் என்னும் வேக அளவு எல்லா ஆர்பெஜியேட்டரிலும் இருப்பதால், அதைத் தேர்ந்தெடுத்தவுடன் சரம் தாளத்தில் உட்கார்ந்துவிட்டது.

கண்ட நடையில் ஒரு தட்டுக்கு ஐந்து மாத்திரை. ஒரு மாத்திரை 150 மில்லி நொடி. இந்த ஐந்தாம் பங்கு நாங்கள் பார்த்த ஆர்பெஜியேட்டர்களின் வேகப் பட்டியல்களில் இல்லை. நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, அவற்றின் டிரிப்லெட், புள்ளியிட்ட வடிவம் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. ஆகவே கணக்கை மறுபக்கத்திலிருந்து தொடங்கினோம். பதினாறில் ஒரு பங்கு 150 மில்லி நொடியாக இருக்க வேண்டுமானால் மென்பொருளின் ஒரு தட்டு 600 மில்லி நொடி, அதாவது நிமிடத்துக்கு 100. பாடலின் தாளம் 80 தட்டிலேயே இருக்க, ரீப்பரின் வேகத்தை மட்டும் அந்தப் பகுதியில் 100 என்று வைத்து, ஆர்பெஜியேட்டரைப் பதினாறில் ஒரு பங்கில் ஐந்து படிகளோடு ஓடவிட்டால் கண்ட நடை கிடைத்துவிடுகிறது. 80ஐ 5ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 100. இதே கணக்கில் மிஸ்ர நடை வேண்டுவோர் 7ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 140 கிடைக்கும்.

வேகத்தை மாற்றியதோடு வேலை முடியவில்லை. அளவுக் கட்டத்தையும், அதாவது ஒரு கட்டத்துக்கு எத்தனை தட்டு என்பதையும் மாற்ற வேண்டும். பல ஆர்பெஜியேட்டர்கள், ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் சரத்தை முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். கட்டம் நான்கின்கீழ் நான்காக இருந்தால் அதில் பதினாறு படிகள். ஐந்து, ஐந்து, ஐந்து என்று ஓடி எஞ்சும் ஒற்றைப் படியில் சரம் அறுந்து மீண்டும் தலையிலிருந்து தொடங்கும். கேட்பவருக்குத் தாளம் தவறியது போலவே தோன்றும். கட்டத்தை நான்கின்கீழ் ஐந்து என்று வைத்தால் இருபது படிகள் வரும், ஐந்தால் மீதமின்றி வகுபடும், கண்ட நடையின் நான்கு தட்டுகளும் அதற்குள் அடங்கிவிடும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டுத் தட்டு, நாற்பது மாத்திரை. ஆகவே இரண்டு கட்டத்துக்கு ஓர் ஆவர்த்தனம். மென்பொருளின் மெட்ரனோம் மட்டும் இங்கு எதிரியாகிவிடுகிறது. அது நான்கு மாத்திரைக்கு ஒரு முறை தட்டும். தவில் வாசிப்பவருக்கோ ஐந்து மாத்திரைக்கு ஒரு தட்டு வேண்டும். மெட்ரனோமை அணைத்துவிட்டு, ஐந்து பதினாறாம் பங்குகளுக்கு ஒரு முறை ஒலிக்கும் மரக்கட்டை ஒலியைத் தனி டிராக்கில் வரைந்து, அதையே அவருடைய ஹெட்போனுக்கு அனுப்பினோம்.

அடுத்தது சுரங்களின் எண்ணிக்கை. கீபோர்டில் மூன்று விசைகளைப் பிடித்துக்கொண்டு, சாதாரண ஏறுவரிசையில் ஓடவிட்டால் மூன்று சுரங்களும் சுழன்றுகொண்டே இருக்கும். நாற்பது மாத்திரையை மூன்றால் வகுத்தால் ஒன்று எஞ்சுகிறது. அதனால் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் சமத்தில், அதாவது அதன் முதல் தட்டில், விழும் சுரம் ஒவ்வொன்றாக நகர்ந்து, முதலில் ஷட்ஜம், பிறகு பஞ்சமம், பிறகு மேல் ஷட்ஜம் என்று மாறிக்கொண்டே போகும். சில வகை இசைக்கு இந்த நகர்வு அழகாக அமையலாம். நடந்துகொண்டே கை தட்டிப் பாடும் கூட்டத்துக்குச் சமத்தில் ஷட்ஜம் விழுந்தாக வேண்டும். எனவே ஏறுவரிசையைக் கைவிட்டு, ஐந்து படிகளுக்கும் விசை எண்ணை நாமே எழுதினோம்: முதல் விசை, மூன்றாவது, இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது. எந்தப் பிடியை (சேர்த்து அழுத்தும் விசைகளை) பிடித்தாலும் தட்டின் தலையில் கீழ்ச்சுரம் விழும்.

அழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சரத்துக்கு நடை என்ற தன்மையைத் தருவது சுரத்தைவிட அழுத்தமே என்பது என் கருத்து. ஐந்து படிகளும் ஒரே வலிமையில் ஒலித்தால் அது வெறும் ஓட்டம். காது அதை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளும். கீபோர்டு இளைஞர் முதலில் வைத்த அழுத்தம் மூன்றும் இரண்டுமாக, 'தகிட தக' என்று விழுந்தது. தவில் வித்துவான் ஓர் ஆவர்த்தனம் கேட்டுவிட்டு, "தக முன்னால வரணும் தம்பி, தகிட பின்னால, இல்லன்னா எனக்குக் கை எதிர்த்துக்கிட்டு வரும்" என்றார். 'தகதகிட' என்னும் இரண்டும் மூன்றுமான பிரிவுக்கு ஏற்ப, முதல் படிக்கு 112, இரண்டாவதுக்கு 64, மூன்றாவதுக்கு 96, நான்காவதுக்கு 60, ஐந்தாவதுக்கு 72 என்று 127க்குள் அடங்கும் வெலாசிட்டி (அழுத்த) மதிப்புகளை மாற்றிய பிறகு தவிலும் சரமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. சின்த் ஒலியும் வெலாசிட்டிக்குத் தக்கபடி பிரகாசம் கூடிக் குறைவதாக இருந்தால்தான் இந்த எண்கள் காதில் விழும். வெலாசிட்டியைக் கண்டுகொள்ளாத ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆர்பெஜியேட்டரில் எண்களைத் திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை.

ப்ளகின்களை (இசைத் தொகுப்பு மென்பொருளுக்குள் பொருத்தும் துணை நிரல்களை) எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு வருகிறேன். 1996இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட வி.எஸ்.டி. முறை ஒலியைப் பதப்படுத்தும் ப்ளகின்களுக்காகவே பிறந்தது. மிடியை வாங்கும் வசதியும் கருவி ப்ளகின்களும் 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன. மிடியை மட்டுமே கையாளும் ப்ளகினுக்கு அதில் தெளிவான தனி இடம் அமையாததால், இத்தகைய ஆர்பெஜியேட்டர்களில் பல தம்மைக் கருவி என்றே மென்பொருளிடம் அறிவித்துக்கொள்கின்றன. அவற்றின் ஒலி வெளியீடு எப்போதும் மௌனம். அந்த மௌனம் தனக்கு முன்னால் இருக்கும் சின்த்தின் ஒலியை அழித்துவிடக்கூடும் என்பதால், ரீப்பரின் எஃபெக்ட் சங்கிலியில் ஆர்பெஜியேட்டர் சின்த்துக்கு மேலே இருப்பது கட்டாயம். மிடி ஒரு ப்ளகினிலிருந்து அடுத்ததற்கு இயல்பாகவே இறங்கிச் செல்லும் என்பது ரீப்பரின் பெரிய வசதி. தனி இணைப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. எங்கள் சங்கிலி பெடல் வடிகட்டி, ஆர்பெஜியேட்டர், ராக வடிகட்டி, சின்த் என்ற வரிசையில் அமைந்தது.

பெடல் வடிகட்டி ஏன் என்றால், கீபோர்டு வாசிப்பவர்களுக்குக் கால் பழக்கம் விடாது. சஸ்டெயின் பெடலின் கட்டளை எண் 64. ஆர்பெஜியேட்டர் சுரங்களைத்தான் மாற்றி எழுதுகிறதே தவிர, இந்தக் கட்டளையை அப்படியே கீழே விட்டுவிட்டால் சின்த் அதைப் பெற்றுக்கொண்டு, ஓடும் சுரங்கள் அனைத்தையும் நீட்டிப் பிடித்துக் குழைத்துவிடும். வேறு சில ஆர்பெஜியேட்டர்கள் அதே பெடலைச் சுரங்களைப் பிடித்து வைக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, கையை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுமே வேண்டாம் என்று 64ஐ வாசலிலேயே தடுத்துவிட்டோம்.

எங்கள் நேரத்தை அதிகம் வாங்கியது, பிடி மாறும் இடத்தில் ஏற்படும் தாமதம். மனிதக் கை தட்டின் தலையில் மிகச் சரியாக இறங்குவதில்லை; இருபது முப்பது மில்லி நொடி பிந்துவது சாதாரணம், நேரடி வாசிப்பில் அது பிழையும் அன்று. ஆர்பெஜியேட்டர் நடுவில் இருந்தால் நிலைமை வேறு. தட்டின் தலையில் அது எழுத வேண்டிய முதல் சுரத்தைக் கையில் இருக்கும் பழைய பிடியிலிருந்தே எழுதிவிடும். புதிய பிடி இரண்டாவது மாத்திரையிலிருந்துதான் கேட்கும். சமத்தில் பழைய சுரம் விழுவதைப் பாடகர் உடனே கவனித்துவிடுவார். மூன்று விரல்களும் ஒரே கணத்தில் விழாமல் முன்பின்னாக விழும்போதும் இதே கோளாறு சிறிய அளவில் ஏற்படும். பழைய ஐந்து முள் மிடி வடத்தில் நொடிக்கு 31,250 பிட்டுகளே செல்லும்; ஒரு சுரக் கட்டளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும் என்பதால் நான்கு விரல் பிடி வந்து சேரவே மூன்று நான்கு மில்லி நொடி ஆகிவிடும். கையின் தாமதத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது. வடத்தின்மேல் பழி போடுவதற்கு இடமில்லை.

இதற்குத் தீர்வாக, பிடிகளை மட்டும் ஆர்பெஜியேட்டர் இல்லாமல் முதலில் பதிவு செய்தோம். பிறகு எடிட்டரில் அவற்றைக் கட்டத்தோடு நேர்படுத்தி, ஒவ்வொரு பிடியையும் பத்து டிக் (மென்பொருள் காலத்தை அளக்கும் சிறு அலகு) முன்னால் தள்ளினோம். ரீப்பரில் கால் சுரம் ஒன்றுக்கு 960 டிக். 100 வேகத்தில் பத்து டிக் என்பது ஆறு மில்லி நொடிக்குச் சற்று மேல். ஆர்பெஜியேட்டர் தட்டின் தலைக்கு வரும்போது புதிய பிடி முழுமையாகக் கையில் இருக்கும். பழைய பிடியின் முடிவையும் அதே இடத்துக்கு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிறு இடைவெளியில் ஆறு விசைகள் பிடித்திருப்பதாக ஆர்பெஜியேட்டர் எண்ணி, 'மூன்றாவது விசை' என்று நாம் குறித்த இடத்தில் வேறு சுரத்தை எடுத்துக்கொள்ளும். விசை அழுத்தியவுடன் தொடங்கும் அமைப்பை விட்டு, மென்பொருளின் தாளக் கட்டத்தோடு ஒட்டி ஓடும் அமைப்பில் ஆர்பெஜியேட்டரை வைத்தால்தான் இந்த முன்தள்ளல் பலிக்கும்.

ராக வடிகட்டி நாங்களே எழுதியது. சரத்துக்குச் சற்றுச் செழுமை கூட்ட, சில படிகளில் ஒவ்வொரு சுரத்தோடும் அதற்கு மேல் பஞ்சம இடைவெளியில் இன்னொரு சுரம் சேர்த்து ஒலிக்கும்படி அமைத்திருந்தோம். மோகனத்தில் ஷட்ஜத்துக்குப் பஞ்சமம், ரிஷபத்துக்குத் தைவதம், பஞ்சமத்துக்கு மேல் ரிஷபம், தைவதத்துக்கு மேல் காந்தாரம் என்று நான்கு சுரங்களுக்கும் துணைச் சுரம் ராகத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அந்தர காந்தாரத்துக்கு மட்டும் துணையாக வருவது காகலி நிஷாதம். மோகனத்தில் இல்லாத அந்தச் சுரம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலே பிலஹரியின் சாயல் வந்துவிடுகிறது. காந்தாரம் வரும் பிடிகளை மட்டும் தேடித் திருத்துவது பெரிய வேலை. ஆர்பெஜியேட்டர் எதை எழுதினாலும் அதன் பின்னால் நின்று ராகத்துக்குப் புறம்பானதை நிறுத்தும் காவல் ஒன்று இருப்பதே நல்லது. ஆர்பெஜியேட்டருக்கு முன்னால் வடிகட்டியை வைப்பதால் பயனில்லை, ஏனெனில் அந்நியச் சுரம் பிறப்பதே அதற்குப் பின்தான்.

ரீப்பரில் இத்தகைய சிறு ப்ளகினை ஜே.எஸ். என்ற முறையில் வெறும் உரைக் கோப்பாக எழுதி எஃபெக்ட்ஸ் கோப்புறையில் போட்டால் போதும்; மொழிமாற்றித் தொகுக்கும் வேலை எதுவும் கிடையாது. வரும் கட்டளை ஒவ்வொன்றையும் வாங்கி, முதல் எண் 144 முதல் 159க்குள் இருந்தால் அது சுரத் தொடக்கம் என்று கொள்கிறோம். சுர எண்ணிலிருந்து ஷட்ஜத்தின் எண்ணைக் கழித்து, எதிர்மறை வராமலிருக்க 120ஐக் கூட்டி, 12ஆல் வகுத்து மீதியைப் பார்க்கிறோம். மோகனத்துக்கு மீதி 0, 2, 4, 7, 9 ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லாதது கீழே போகாது. பாடகரின் சுருதி ஒன்றரைக் கட்டை என்பதால் ஷட்ஜம் 61. அதை ஒரு நகர்த்தியாக வைத்திருப்பதால் வேறு பாடகர் வந்தாலும் எண்ணை மாற்றினால் போதும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் போட்டு வாசிப்பவர்கள், வெளியே போகும் சுர எண் மாறுகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவிக்குக் கருவி அது வேறுபடும்.

இந்த வடிகட்டியை எழுதுவோர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். சுர முடிவுக் கட்டளைகளை ராகம் பார்த்துத் தடுக்கவே கூடாது. எல்லாவற்றையும் கீழே விட்டுவிட வேண்டும். சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது யாராவது சுருதி நகர்த்தியை அசைத்துவிட்டால், அந்தச் சுரத்தின் முடிவு புதிய கணக்கில் புறம்பானதாகத் தோன்றித் தடுக்கப்பட்டு, சின்த் நிறுத்தாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தேவையற்ற முடிவுக் கட்டளை சின்த்துக்குப் போவதால் கெடுதல் ஏதுமில்லை. மற்றொன்று, 1983இல் மிடி வந்த நாள் முதல் வெலாசிட்டி 0 கொண்ட சுரத் தொடக்கமும் சுர முடிவாகவே கொள்ளப்படுகிறது. பல கருவிகள் முடிவை அப்படித்தான் அனுப்புகின்றன. அதையும் வெறும் தொடக்கம் என்று எண்ணி வடிகட்டினால் அதே தொங்கல் மீண்டும் வரும். புறம்பான சுரத்தை அருகிலுள்ள ராகச் சுரத்துக்குத் திருப்பிவிடும் வடிகட்டிகளும் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் விருப்பமில்லை. நிஷாதத்துக்கு அருகில் இருப்பது மேல் ஷட்ஜம்; காந்தாரம் வரும்போதெல்லாம் அழைக்காத ஷட்ஜம் ஒன்று வந்து நிற்பதைவிட அந்த இடம் காலியாக இருப்பது மேல்.

சுரம் சரியாக இருந்தாலும் கமகம் இல்லை என்பது மறுக்க முடியாதது. நாதஸ்வரம் காந்தாரத்தை அசைத்துப் பிடிக்கும் அதே வேளையில், அடியில் சின்த் அந்தச் சுரத்தை அசையாமல் குத்திக்கொண்டிருந்தால் இரண்டும் உரசும். ஆகவே கண்ட நடைப் பகுதியில் நாதஸ்வரம் வரும் அடிகளில் பிடியை ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். ரிஷபமும் தைவதமும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மட்டும் வந்து போகின்றன. சுரத்தின் நீளத்தை அறுபது விழுக்காடாகக் குறைத்ததில், 150 மில்லி நொடி மாத்திரையில் 90 ஒலி, 60 மௌனம் என்று ஆயிற்று. அந்த மௌனத்தில்தான் பம்பையின் இழுப்பு கேட்கிறது.

பதிவான சுரங்களின் இடத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஆர்பெஜியேட்டர் எழுதியதை எடிட்டரின் நிகழ்ச்சிப் பட்டியலில் திறந்தால் 0, 240, 480, 720, 960 என்று ஐந்து சுரங்கள், பிறகு 1200இல் அடுத்த தட்டு என்று வரிசையாக இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போட்ட வேறோர் இலவச ப்ளகினில் சுரங்கள் 34 டிக் வரை முன்பின்னாகச் சிதறிக் கிடந்தன. நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) என்ற வேகத்தில் 1024 மாதிரி கொண்ட ஒலித் தொகுதி 21 மில்லி நொடிக்குச் சற்று மேல். 100 வேகத்தில் அது ஏறத்தாழ 34 டிக். அந்த ப்ளகின் சுரத்தின் உண்மையான இடத்தைக் கணக்கிடாமல் தொகுதியின் விளிம்பிலேயே வைத்துவிடுகிறது என்பது இதிலிருந்து புலப்பட்டது. தொகுதியை 128ஆகக் குறைத்தபோது சிதறல் நான்கு டிக்காகச் சுருங்கியது. ப்ளூஆர்ப்பில் இந்தத் தொல்லை தென்படவில்லை.

நடை மாறும் இடத்தில் ரீப்பரின் வேகம் 80இலிருந்து 100க்குத் தாவுகிறது என்பதைப் பாடகர் அறிய மாட்டார். தட்டு 750 மில்லி நொடியிலேயே இருக்கிறது. ஆனால் வேகத்தோடு பூட்டிய டிலே எஃபெக்ட்டுக்கு அது தெரிந்துவிடும். தாவும் கணத்தில் எதிரொலியின் இடைவெளி மாறி ஒரு கீச்சொலி எழுந்தது. பூட்டை நீக்கி, 450 மில்லி நொடி, அதாவது கண்ட நடையின் மூன்று மாத்திரை என்று நேரடியாக எழுதியதும் அது ஒழிந்தது.

இவ்வளவும் ஆன பிறகு ஆர்பெஜியேட்டரைச் சங்கிலியில் ஓடவிட்டபடியே வைத்திருக்கவில்லை. டிராக்கின் எஃபெக்ட்களைப் பதிவின்மேல் ஏற்றி மிடியாகவே புதிய டேக் எடுக்கும் கட்டளை ரீப்பரில் இருக்கிறது; பதிவு முறையை வெளியீட்டு மிடி என்று மாற்றிவிட்டு ஒரு முறை ஓடவிட்டாலும் அதே பலன் கிடைக்கும். அதைச் செய்யும்போது சின்த்தை அணைத்துவிட வேண்டும், பகுதிக்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டம் விட வேண்டும்; பகுதி தொடங்கும் அதே புள்ளியில் பிடி இருந்தால் சில ஆர்பெஜியேட்டர்கள் முதல் சுரத்தைத் தவறவிடுகின்றன. இப்படி எழுதியெடுத்த சுரங்களை விரலால் வாசித்தவை போலவே திருத்தலாம். ஆவர்த்தன முடிவில் தவிலின் தீர்மானம் (முத்தாய்ப்புச் சொற்கட்டு) வரும் இடங்களில் கடைசித் தட்டின் சுரங்களை அழித்து வழிவிட்டதும், பாடகர் மேல் ஷட்ஜத்தில் நிற்கும் இடத்தில் சரத்தை ஒரு ஸ்தாயி இறக்கியதும் இந்த நிலையில்தான் முடிந்தது. ஓடும் ஆர்பெஜியேட்டரிடம் அவற்றைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

இறுதிக் கலவை தென்காசியில் உள்ள நண்பரின் ஸ்டுடியோவில் நடந்தது. அங்கு இருப்பது க்யூபேஸ் என்ற வேறோர் இசைத் தொகுப்பு மென்பொருள். சுரங்களாக எழுதிய மிடி கோப்பை அனுப்பியிருந்தபோதும், அவருக்கு அந்த ஆர்பெஜியேட்டரைத் தம் வேலைகளுக்கும் பயன்படுத்திப் பார்க்கும் ஆவல் எழுந்தது. க்யூபேஸின் மிடி இன்செர்ட் அறைகளில் அதன் சொந்த மிடி எஃபெக்ட்களே அமர முடியும். வெளி நிறுவனத்தாரின் வி.எஸ்.டி. அந்தப் பட்டியலில் வராது. "இன்ஸ்டால் ஆயிருக்கு, ஆனா இருக்க எடத்தக் காணோம்" என்று அவர் தொலைபேசியில் சொன்னதன் காரணம் அதுவே. ஆர்பெஜியேட்டரை ஒரு இன்ஸ்ட்ரூமென்ட் டிராக்கில் கருவியாக ஏற்ற வேண்டும். சின்த்துக்கு இன்னொரு டிராக் திறந்து, அதன் மிடி உள்ளீட்டில் ஆர்பெஜியேட்டரின் வெளியீட்டைத் தேர்ந்தெடுத்து, மானிட்டர் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த உள்ளீடு எல்லா மிடி உள்ளீடுகளும் என்ற பொது நிலையிலேயே இருந்துவிட்டால், கீபோர்டின் பிடி நேராகவும் ஆர்பெஜியேட்டரின் சரம் வழியாகவும் இரட்டையாக வந்து சேரும். இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மையும் உண்டு: சின்த் டிராக்கில் பதிவுப் பொத்தானை அழுத்தினால் பதிவாவது ஓடும் சுரங்களே என்பதால், எழுதியெடுக்கும் வேலை தனியாகத் தேவைப்படாது.

மற்ற மென்பொருள்களைப் பொறுத்தவரை, ஏபிள்டன் லைவிலும் க்யூபேஸ் போலவே இரண்டு டிராக்குகள் வேண்டும். சின்த் டிராக்கின் 'மிடி எங்கிருந்து' என்னும் பெட்டியில் ஆர்பெஜியேட்டர் இருக்கும் டிராக்கையும் அதன் கீழ்ப்பெட்டியில் ப்ளகினின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப்எல் ஸ்டுடியோவில் ப்ளகின் அமைப்புகளுக்குள் சென்று ஆர்பெஜியேட்டரின் வெளியீட்டுத் துறை எண்ணையும் சின்த்தின் உள்ளீட்டுத் துறை எண்ணையும் ஒன்றாக்கினால் போதும். லாஜிக் ப்ரோவில் கருவிக்கு மேலேயே மிடி எஃபெக்ட் அறை இருக்கிறது. ஆனால் அங்கு வி.எஸ்.டி. செல்லாது, ஆடியோ யூனிட் வகையில் மிடி எஃபெக்ட் என்று அறிவித்துக்கொண்ட ப்ளகினே அமரும். வாங்கும் முன்பு அந்த வடிவம் உண்டா என்று பார்த்துவிடுவது பணத்தைக் காக்கும்.

கலவை முடிந்ததும் அதை வண்டியில் கட்டும் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கேட்டோம். ஸ்டீரியோவில் இடமும் வலமும் மாறி மாறித் துள்ளும்படி சரத்துக்கு வைத்திருந்த அமைப்பு, ஒற்றைத் தடத்தில் ஒலிக்கும் குழாய் ஒலிபெருக்கியில் அடையாளமின்றிப் போயிற்று. துள்ளலை எடுத்துவிட்டுச் சரத்தை நடுவில் வைத்து, கீழ்ச்சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினோம். அந்தக் குழாயில் அடி ஒலி வராது, நடு ஒலிதான் தெருவின் மறுமுனை வரை போகும்.

பாதயாத்திரை புறப்படும் இரவில் குழுவினர் இதை நேரடியாகவும் வாசிக்கப் போகிறார்கள். மேடையில் தவில் வித்துவானின் வேகம் மடிக்கணினிக்குக் கட்டுப்பட்டு இருக்காது என்பதால், ஆர்பெஜியேட்டரை அங்கு ஓடவிட வேண்டாம் என்றேன். இளைஞர் விட மாட்டார் என்று தெரிந்தபின், கீபோர்டில் ஒரு பொத்தானை ஒதுக்கி அதில் 123, 120 ஆகிய இரண்டு கட்டளைகளையும் சேர்த்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். 123 எல்லாச் சுரங்களையும் முடிக்கச் சொல்லும். அதைக் கண்டுகொள்ளாத சின்த்துகளும் உண்டு என்பதால், ஒலியையே உடனடியாக நிறுத்தும் 120ஐயும் பின்னாலேயே அனுப்புகிறது. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஆர்பெஜியேட்டரின் பிடித்து வைக்கும் விசையை அணைக்க வேண்டும், அணைக்காவிட்டால் அடுத்த மாத்திரையிலேயே சரம் மீண்டும் தொடங்கிவிடும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி கீபோர்டின் விளிம்பில் ஒட்டியும் கொடுத்தாயிற்று.